ஊசி முனை

“ரிப்போர்ட்ட ஏன் இன்னும் அனுப்பல, அண்ணே?”

சுகந்தினி கேட்டதற்கு, அவளுக்கு மேலே வேலை பார்க்கும் கணேஸ்வரன் தலையைக்கூடத் தூக்கவில்லை. “இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துருவோம் லா” என்றார்.

இன்னொரு தடவையா?

கோல சிலாங்கூரில் அந்த உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவள் புதுசுதான். ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது என்று புரிந்துகொள்ள அனுபவமா வேண்டும்?

பாகான் நக்கோடா ஓமாரில் இறால் குளம் வைத்திருக்கும் தங்கராஜுவின் சாம்பிள் அது. அவள்தான் உரித்தாள், அரைத்தாள், சாறெடுத்து மிஷினில் விட்டாள். இறாலுக்குப் போடவே கூடாது என்று தடை செய்த கிருமி மருந்து, பளிச்சென்று காட்டியது. இறாலை விற்க முடியாது. குளத்தோடு அழிக்க வேண்டியதுதான்.

சேதி காதுக்கு எட்டியதும் தங்கராஜு அடித்துப் பிடித்து ஓடி வந்தார். “அந்த மருந்த நான் கண்ணால பாத்ததுகூட இல்ல, தங்கச்சி!”

“மிஷின் பொய் சொல்லாது, அங்கிள். மெல்லிசு ஊசி. அது வழியா உங்க இறால் சாறு போவும். முனையில ஆயிரக்கணக்கான வோல்ட்டு. கரண்ட்டு இழுக்கற இழுப்புல சாறு பனி மாதிரி சிதறும். ஒவ்வொரு துளியும் காஞ்சு காஞ்சு, கடைசியில மருந்து மட்டும் கரண்ட்டோட பறக்கும். மிஷின் அத எடை போட்டு இன்னதுன்னு சொல்லிரும். நீச்சல் குளத்துல ஒரு சிட்டிகை போட்டாலும் தப்பாது.”

தங்கராஜு திரும்பி, பக்கத்தில் நின்ற கணேஸ்வரனைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் சுகந்தினியை முதலில் உறுத்தியது.

மத்தியானம் எதிர்க் கடையில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கராஜு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். கணேஸ்வரன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். பையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது.

‘அட, லஞ்சத்தைக்கூட இறாலாவே வாங்கறாரே!’

இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ‘லயத்து ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டாங்க’ என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் பிறந்த அவள் அப்பா அடிக்கடி சொல்வார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் கணேஸ்வரன் அவளிடம் வந்தார். “ஃபிரீஸர்ல இருக்கற மிச்ச சாம்பிள நீங்க தொடாதீங்கம்மா. நானே செஞ்சுக்கறேன்.”

“ஏன், நான் செஞ்சா என்னா?”

“ஒன்னுமில்ல லா, சும்மாதான்.”

சும்மாவா? கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அவள் சாறு உறிஞ்சக் கையாளும் பிப்பெட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையையும் துடைத்தார். அவளுடைய பேனாவைக்கூட விடவில்லை.

தடயத்தை அழிக்கிறார்!

மறுநாள் நேராக மேனேஜர் முகம்மது ஃபாரூக்கின் அறைக்குப் போய்விட்டாள்.

“சார், அந்த இறால் சாம்பிள் விஷயமா...”

“உக்காருங்கம்மா. கணேஸ்வரன் காலையிலேயே வந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு.”

சுகந்தினிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு சீக்கிரமா!

“இறால்ல தப்பே இல்ல. குளத்துலேர்ந்து புதுசா கொண்டுவரச் சொல்லி, ஃபிரீஸர்ல கைபடாம இருந்த மிச்ச சாம்பிளோட சேத்து மறுபடியும் செஞ்சிருக்காரு. ரெண்டும் சுத்தம். ஆனா பிப்பெட்டு, மேசை எல்லாத்தையும் பஞ்சால தொடச்சி மிஷின்ல விட்டுப் பாத்தா, அதுல எல்லாம் அந்த மருந்து ஒட்டியிருக்கு.”

“அது எப்படி சார் வரும்?”

“கண்ணு நோவுக்கு விடற சொட்டு மருந்துல இருக்கறதும் அதே சாமான்தான். கண்ணுல விட்டுட்டு, கையக் கழுவாம சாம்பிளத் தொட்டுட்டேன், என் தப்புதான்னாரு. இந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய சீனியர் போஸ்ட்ட நிறுத்தி வச்சிட்டேன். பாவம், அந்த ரிப்போர்ட்டு போயிருந்தா தங்கராஜு குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும்.”

சுகந்தினி துள்ளி எழுந்தாள். கூட்டாளியைக் காப்பாற்ற எப்படியெல்லாம் கதை கட்டுகிறார் இந்த மனுஷன்!

“பொய் சார்! அவருக்குக் கண்ணுல ஒரு நோவும் இல்ல. அந்த சாம்பிள அவர் தொடவே இல்ல. உரிச்சதுலேர்ந்து மிஷின்ல விட்டது வரைக்கும் எல்லாமே நான்...”

அவள் கை தானாகக் கைப்பையைத் தடவியது. உள்ளே, ஒரு வாரமாக அவள் விட்டுக்கொண்டிருந்த கண் மருந்து.

ஃபாரூக் அவளுடைய சிவந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“போஸ்ட் போனாலும் அவருக்கு வேலை இருக்கும்மா. புரொபேஷன்ல இருக்கற உங்களுக்கு அதுவும் இருக்காதுன்னு அவருக்குத் தெரியும்.”