கிளேட்டனுக்கு ஒரு புது விசை

"ஸ்பிரிங்கை லேசா ஒரு தேய்ப்பு தேய்ச்சு விட்டுடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் கடையில் உதவிக்கு இருந்த ட்வைலா, கடைக் கதவின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு.

துப்பாக்கி பழுதுபார்க்கும் அந்தக் கடையின் சொந்தக்காரி வெர்னா, மேஜைமேல் பிரித்துப் போட்டிருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற மான் துப்பாக்கி. அவளுடைய முன்னாள் கணவன் கிளேட்டனுடையது.

போன வருஷம் துடைத்துக் கொடுத்தபோதே சொன்னாள், "இழுக்குற விசை கல்லு மாதிரி இருக்கு, மாத்திடு" என்று. "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று வாங்கிப் போனவன், வேட்டை முகாமில் அத்தனை பேர் பார்க்க ஒரு கொம்பு மானைக் கோட்டை விட்டான்.

மானைத் தவறவிட்டவனின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி முகாம் சுவரில் ஆணியடித்து வைப்பது அந்த மலைக்காரர்களின் வழக்கம். கத்தியோடு வந்தவர்களிடம் கிளேட்டன் கூசாமல் சொன்னான், "விசையை வெர்னா கெடுத்துட்டா!"

அவன் சட்டை தப்பியது. அவளுடைய கடை தப்பவில்லை. தொப்பியும் தோட்டாவும் வாங்க வருவார்கள். துப்பாக்கியை மட்டும் யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை. வரும் வசந்தத்தோடு கடையை மூடிவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவன் அப்படித்தான். கார் நடுவழியில் நின்றால் வெர்னா. வேலை போனால் வெர்னா. குழந்தை பிறக்கவில்லை என்றாலும் வெர்னா. ஊரும் அதை நம்பியது.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்கிட்டயே கொண்டு வந்தான்?"

"முகாம் தலைவர் வெண்டல் கறாரா சொல்லிட்டாராம், புது விசை மாட்டாம அந்தப் பக்கம் வராதேன்னு. வேட்டை சீசன்ல மத்த கடையில எல்லாம் கூட்டம், வேற யாருகிட்ட போவான்?" வெர்னா புது விசையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இந்தத் தடவை அவனை விடப் போறதில்ல ட்வைலா. திங்கக்கிழமை வேட்டை தொடங்கினதும் அவன் மானம் காத்துல பறக்கும்."

அந்தக் குரலைக் கேட்டு ட்வைலாவுக்கே திக்கென்றது. "வெடிச்சுக் கிடிச்சுத் தொலையப் போகுதுக்கா! நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"அவன் மேல ஒரு கீறல் விழாது. போய்க் காபி போடு."

கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கியவள், மிச்சமிருந்த வான்கோழி சாண்ட்விச்சைக்கூடத் தொடவில்லை. அரமும் எண்ணெயும் மாறி மாறி அவள் கையில் ஏறி இறங்கின.

மறுநாள் கடையில் கூட்டம். கிளேட்டன் கை நீட்டியதும் வெர்னா துப்பாக்கியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வெறும் தோட்டாக் கூடு ஒண்ணு போட்டிருக்கேன். இங்கேயே இழுத்துப் பாரு."

சுவரைப் பார்த்து இழுத்தான். டிக்.

"எப்படி இருக்கு?"

"ம்... பரவாயில்ல."

"பரவாயில்லையா? சத்தமா சொல்லு, இவங்களுக்கும் கேக்கட்டும்."

"வெண்ணெய் மாதிரி இருக்குடி, போதுமா? மாலை போடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கடைக் கதவு படாரென்று திறந்தது. கிளேட்டன்தான். பின்பக்கம் பாதிச் சட்டையைக் காணோம்; உள்பனியன் வெளியே தெரிந்தது. அவனுக்குப் பின்னால் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு முகாம் ஆட்கள். கடைசியாக, தோளில் தன் துப்பாக்கியோடு வெண்டல்.

ட்வைலா காபிக் குவளையை வைத்துவிட்டு வெர்னாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதோ, இந்தக் கதவு தூரத்துல நின்னுச்சு கொம்பு மான்!" கிளேட்டன் கத்தினான். "குண்டு எங்கேயோ போகுது! மறுபடியும் கைவரிசையைக் காட்டிட்டா. சொல்லுடி, என்னடி பண்ணினே இந்தத் துப்பாக்கியை?"

"பண்ண வேண்டியதைத்தான் பண்ணினேன்" என்றாள் வெர்னா நிதானமாக.

"கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்றா! பழி வாங்கிட்டா!"

"அக்கா, வேண்டாம், பேசாதே" என்று ட்வைலா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். வெர்னா அசையவில்லை.

கூட்டம் விலகி வழிவிட, வெண்டல் மெதுவாக மேஜையருகே வந்தார். போன வருஷம் இந்தக் கடைக்குத் துப்பாக்கி கொண்டுபோகாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இவன் சட்டைக்கு அழுதுக்கிட்டு உள்ளே போனான் பாரு, அப்ப, இவன் மானைச் சுட நின்ன அதே இடத்துல நின்னு, இதே துப்பாக்கியில நான் ஒரு காபி டப்பாவைச் சுட்டேன் வெர்னா. நட்ட நடுவுல துளை" என்றார்.

கிளேட்டன் வெட்டுப்பட்ட சட்டையை இழுத்து முதுகை மறைக்கப் பார்த்தான்.

வெண்டல் தன் தோளிலிருந்த துப்பாக்கியை இறக்கி அவள் முன்னால் வைத்தார்.

"இதுக்கும் அதையே பண்ணிக் குடும்மா."