பூட்டி வைத்த பாதிக் கல்

"ஒரே ஒரு துணுக்கு குடுங்க சார்" என்று கெஞ்சினாள் அந்த இளம் விஞ்ஞானி.

செவ்வாயிலிருந்து வந்து விழுந்த விண்கல் அது. அதன் நுண்ணிய குமிழிகளுக்குள் அந்தக் கிரகத்தின் பழங்காலக் காற்று இன்னும் அடைபட்டிருந்தது. அதில் பாதியை அருங்காட்சியகக் காப்பாளர் யாருக்கும் தராமல் பூட்டி வைத்திருந்தார்.

"முன்னாடி ஒரு விஞ்ஞானியம்மா இதுக்காக மல்லுக்கு நின்னாங்க. அப்ப இருந்த மிஷினுக்கு முழுசையும் பொடிச்சாகணும். 'இனிமே பிறக்கப்போறவங்க நல்ல மிஷினோட வருவாங்க, அவங்களுக்கு இருக்கட்டும்'னுட்டேன். அழுதுகிட்டே போனாங்க."

"என் மிஷினுக்குக் கடுகளவு போதும் சார்."

காப்பாளர் யோசித்துவிட்டுச் சாவியை எடுத்தார். "அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைச் சும்மா விடமாட்டாங்க."

"அவங்க வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க சார். என் அம்மா. அன்னிக்கு நானும் கூட வந்திருந்தேன், அவங்க வயித்துக்குள்ள."