முதலில் உள்ளே போனவள்

மந்தைவெளிப் பொதுமக்களுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், நம் பள்ளியில் இன்றோடு காகிதம் ஒழிந்தது. நாற்பது ஆசிரியர்களும் இனி இணையத்தில் ஒரே கோப்பில் சேர்ந்து பாடக்குறிப்பு எழுதுவார்கள். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் மதிவாணன் இப்படி முழங்கி முடித்ததும் நாற்பது கைப்பேசிகளிலும் அந்தக் கோப்பின் இணைப்பு வந்து விழுகிறது. ஒருவரும் தொடவில்லை. இணையக் கூட்டத்தில் ஒருமுறை தலைமையாசிரியரின் மைக்கைத் திறந்துவிட்டு, கணினி தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய பாவத்துக்கு, தமிழாசிரியர் நெடுஞ்செழியன் நான்கு வருடமாகச் சனிக்கிழமைகளிலும் பள்ளிக் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் சேர்ந்த கணக்கு டீச்சர் ஜுவேரியாவுக்கு இந்தக் கதை தெரியாது. வந்த இணைப்பைப் பழக்கதோஷத்தில் திறந்துவிடுகிறாள். சுவர்த்திரையில், காலிக் கோப்பின் தலைமாட்டில், அவள் பெயரின் முதலெழுத்தோடு ஒரு பச்சை வட்டம் முளைக்கிறது.

“போச்சு! ஏம்மா திறந்தே?” என்று பக்கத்து நாற்காலி வைதேகி டீச்சர் உதடு அசையாமல் கேட்கிறாள். “நாங்கள்லாம் நெட் இல்லைன்னு சொல்லிண்டு உக்காந்திருக்கோம். இனிமே சனிக்கிழமையெல்லாம் நீதான்.”

“ஐயோ டீச்சர், சனிக்கிழமைதான் எம் பொண்ணு ஹாஸ்டல்லேருந்து வருவா.”

ஜுவேரியா அவசரமாகக் கோப்பை மூடுகிறாள். வட்டம் போகவில்லை; இமைக்காத கண்ணாக அங்கேயே நிற்கிறது. முன்வரிசையிலிருந்து நெடுஞ்செழியன் திரும்பி, விடுதலை நாள் தெரிந்துவிட்ட கைதியைப் போல அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“ஒருத்தர் உள்ளே வந்துட்டாங்களே! யாருங்க அது? எழுந்திருங்க!” என்று தலைமையாசிரியர் திரையைப் பார்த்துக் கூவுகிறார்.

அவள் எழுந்து நிற்கிறாள். முப்பத்தொன்பது பேரும் கைதட்டுகிறார்கள். தலைமையாசிரியர் சாக்பீஸை எடுத்து, பொறுப்பாளர் என்று கரும்பலகையில் அவள் பெயரை எழுதுகிறார்.