காற்றுக்குக் காத்திருந்த துகள்

பூக்காத கோதுமைக் கதிரிலிருந்து பிரித்தெடுத்த மகரந்தத் துகள்களை ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் மூடிவைத்திருந்தார்கள். அதில் ஒரு துகளுக்கு மட்டும் இருப்பே கொள்ளவில்லை.

“காத்து எப்பத்தான் வரும்? எனக்குன்னு எங்கயோ ஒரு பூ காத்துக்கிட்டிருக்கும்!” என்று உருண்டுகொண்டே இருந்தது.

மகரந்தத்திலிருந்தே நேராகச் செடி வளர்க்க, முதலில் துகள்களைக் குளிரிலும் பட்டினியிலும் போட்டார்கள். பிறகு சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார்கள். எடை கூடினால் காற்று தூக்காதே என்று அது ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. பக்கத்துத் துகளோ குடித்துக் குடித்து இரண்டு செல்லாகி, நான்கு செல்லாகி, வேரே விட்டுவிட்டது.

“ஏய், நாம மாப்பிள்ளை வீடு! செடியாகிறதெல்லாம் நம்ம வேலையா?”

“பட்டினியில நான் யாருங்கிறதே மறந்துபோச்சு. கிடைச்சதை வெச்சு ஏதோ ஆகிட்டிருக்கேன். நீயும் குடியேன்.”

“நான் குடிச்சுக்கிட்டிருக்கிற நேரம் பார்த்துக் காத்து வந்துட்டா?”

ஒருநாள், செடியாகிவிட்ட பக்கத்துத் துகளைத் தொட்டிக்கு மாற்ற மூடியைத் திறந்தார்கள். ஜன்னல் காற்று உள்ளே புகுந்தது. செடியின் இலைகள் ஆடின.

“வந்துருச்சு! கிளம்பு!” என்று கத்தியது செடி.

துகள் எழப் பார்த்தது. வற்றிச் சுருங்கி, தட்டின் அடியோடு ஒட்டிப்போயிருந்தது.

“இது இல்லப்பா,” என்றது. “நம்ம காத்து வேற மாதிரி இருக்கும்.”