அடைத்த ஜன்னலில் ஆடி அமாவாசை

உச்சி வெயிலில் தெருவே வடை சுட்டுக்கொண்டிருந்தபோது, எல்லா வீட்டு ஜன்னல்களும் தாமாகப் பூட்டிக்கொண்டன. மொட்டை மாடிக் கதவும்கூட. காற்றில் நுண்துகள் கூடினால் அப்படித்தான். அது அடங்கும்வரை திறக்காது.

தமயந்தி இலைத்துண்டில் சோறும் வடையும் ஏந்தியபடி ஜன்னலருகே நின்றாள். மூச்சு முட்டி இறந்துபோன கணவருக்கு முதல் ஆடி அமாவாசைப் படையல். காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

காகம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

"நம்ம வீட்ல புகையே வரலையேடா. அஞ்சு வடைதானே சுட்டேன்?"

"புகையே வேணாம்மா. எண்ணெய் ஆவி போதும். வண்டிப் புகையோட வெயில்ல கலந்தா அதுவே துகளாயிடும்," என்றான் மகன் சேந்தன். "எல்லார் வீட்லயும் அஞ்சு வடைதாம்மா."

எதிர்வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னாலும் ஒருவர் இலையோடு நின்றிருந்தார்.

காகம் கண்ணாடியைக் கொத்திப் பார்த்தது. பிறகு அலகைத் திறந்தபடி இரைக்க இரைக்க மூச்சு வாங்கியது. தமயந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாட்களில் அவரும் இதே ஜன்னலருகே வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

"கொஞ்சம் இரும்மா, திறந்துடும்."

அவள் இலையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியருகே குனிந்தாள்.

"இங்க நிக்காதீங்க," என்றாள் காகத்திடம். "சோறு கெடக்கட்டும். காத்து நல்லா இருக்கற இடமாப் பாத்துப் போயிடுங்க."