கயல்வழி வந்த வழி

"நிறுத்துங்கம்மா! இந்தப் பேரை உங்களுக்கு யார் சொன்னது?"

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் மூத்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

ஜன்னலுக்கு வெளியே கைக்குழந்தையோடு தங்கை. பக்கத்தில் பால் புட்டியும் பையுமாக அக்கா. நீட்டிய படிவத்தில் குழந்தையின் பெயர்: கயல்வழி.

தங்கை பயந்துவிட்டாள். "ஏன் சார், வைக்கக்கூடாதா?"

"வைக்கக்கூடாதாவா! இந்த வருஷத்துல இது மூணாவது கயல்வழி. உள்ள வாங்க, உட்காருங்க." அவர் பெயர்ப்பலகை வைத்த மேஜைக்கு எதிரே இருவரும் உட்கார்ந்தார்கள்.

அலுவலகத்தில் அவருக்குப் 'பேரகராதி' என்று பட்டப்பெயர். பெண்குழந்தைப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, எந்தெந்தப் பெரிய மனுஷிகள் வைத்திருந்தார்கள் என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. கூட வேலை செய்பவர்கள் அந்தக் காகிதக் கட்டைக் கண்டாலே கழன்றுகொள்வார்கள். சான்றிதழுக்கு வந்தவர்கள் எங்கே ஓட முடியும்? அவர்களுக்குத்தான் படித்துக் காட்டுவார்.

"கேளுங்க. 'கயல் என்றால் மீன். கயல்வழி, மீன் செல்லும் பாதை. அந்தப் பாதையைப் பார்த்தே கப்பல் ஓட்டிய ஆதிக் கடலோடிகள், தங்கள் மூத்த மகளுக்குச் சூட்டிய பெயர்.' எப்படி?"

"இது எந்தப் புத்தகத்துல சார் இருக்கு?" என்றாள் அக்கா.

"இந்தப் புத்தகத்துலதான்" என்று தன் கட்டையே தட்டிக் காட்டினார்.

மூன்று மாதம் நூலகத்தில் தலைகீழாக நின்றும் ஒரு துரும்பு அகப்படவில்லை. அவரே கட்டிவிட்ட கதை. கடலோடிகளா வந்து மறுக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சார், கடலும் இல்ல, கப்பலும் இல்ல. இது எங்கக்கா பேரு. அப்பா எழுதிக்கொடுத்தது கயல்விழி. இந்த ஆபீஸ்ல இருந்த எவனோ ஒரு குமாஸ்தா..."

அக்கா முழங்கையால் இடித்தாள். "சும்மா இருடி."

"இருக்கா, சொல்றேன். கயல்வழின்னு எழுதிட்டான் சார். ஸ்கூல்ல எல்லாரும் மீன் மார்க்கெட்டுக்கு எப்படிப் போறதுன்னு அக்காகிட்ட வழி கேப்பாங்களாம். அழுதுக்கிட்டே வீட்டுக்கு வருவா."

"அப்ப அந்த மத்த ரெண்டு குழந்தை?"

"அக்கா நீச்சல் சொல்லித்தர்றா சார். ரெண்டு வருஷம் முன்னாடி ஏரியில படகு கவுந்தப்ப ரெண்டு பொண்ணுங்களை இழுத்துக் கரையில போட்டா. அவங்க குழந்தைங்கதான் அது. ஊரே அக்கா பேரை வைக்கும்போது கூடப்பொறந்தவ நான் விட்டுடுவேனா?"

பேரகராதியின் கப்பலும் கவிழ்ந்தது. வெட்கம் கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

"ஒரு 'வி'க்கு மேல வளைச்சு மேல்விலங்கு போடத் துப்பில்லாத ஜென்மமெல்லாம் இந்த நாற்காலியில உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கு, பாருங்க! எனக்கு முந்தி இருந்த ஆளாத்தான் இருக்கும்."

"விடுங்க சார். அன்னிக்கு அவருக்கு என்ன தலைவலியோ" என்றாள் அக்கா.

"தலைவலியா? தலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே வலிக்கும்! அந்த ஆள் யாருன்னு என் புத்தகத்துல போட்டு மானத்தை வாங்கறேனா இல்லையா பாருங்க. நீங்க பொறந்தது எந்த வருஷம்?"

அக்கா தயங்கினாள். "ஞாபகமில்ல சார்."

வயதைக் குறைத்துச் சொல்பவர்களை அவர் பார்த்திருக்கிறார். அடியோடு மறந்துபோனவளை இன்றுதான் பார்க்கிறார். 'ஏரியில குதிக்கத் தைரியம் இருக்கு, வயசைச் சொல்ல இல்லையாக்கும்' என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டார்.

தங்கை பட்டென்று வருஷம், மாதம், தேதி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"பழசைக் கிளற வேணாம் சார்" என்று அக்கா எழுந்தே விட்டாள். "எனக்கு இந்தப் பேர் பிடிச்சிருக்கு. இதை எழுதினவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

"நீங்க குறுக்க வராதீங்கம்மா. இது மொழி சம்பந்தப்பட்ட விஷயம்!"

இரும்பு பீரோவைத் திறந்து, தூசி தட்டி, தும்மி, பழைய பதிவேட்டை மேஜையில் போட்டுப் புரட்டினார். அகப்பட்டது. கயல்வழி. மணிமணியான எழுத்து. 'வி'யில்தான் விலங்கு இல்லை.

கீழே கையெழுத்து. வாலைச் சுழற்றி, அடியில் இரண்டு கோடு இழுத்து, பெரிய மேதை போட்ட மாதிரி.

அவருடையதேதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம்.



"யாரு சார் அந்த அறிவாளி?" என்று தங்கை எட்டிப் பார்க்க வந்தாள்.

அக்கா முந்திக்கொண்டு பதிவேட்டை மூடினாள். "கையெழுத்தைப் பூச்சி அரிச்சிருக்குடி. ஒண்ணும் தெரியல."

பேரகராதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பேசாமல் இருந்திருக்கலாம். பூச்சியா வந்து மறுக்கப் போகிறது?

"பூச்சி இல்லம்மா" என்றார். "நான்தான்."

தங்கை திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

அக்கா குழந்தையைத் தன் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"என் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டவர் பேரை இவர் மேஜைப் பலகையில பார்த்தேன்டி. அப்பத்தான் எனக்கு வயசு மறந்துபோச்சு."