முதல் கியர்

அவன் முதல் கியரை விட்டு மாறவே இல்லை.

மாறினால் முன்னால் போகும் நாதஸ்வரக்காரர் மேல் ஏறிவிடும்.

ஊருக்கே ஒரு பிளஷர் கார்தான். மேல்மூடி இல்லாதது. ரைஸ்மில் முதலாளி மதராஸிலிருந்து வாங்கி வந்தது. மாட்டுவண்டியில் அரைநாள் போகிற தூரத்தை, வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்விடும் என்று ஊரில் பெருமையடித்துக்கொள்வார்கள்.

இன்று அது நடக்கிறவர்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை அழைப்பு. பின் சீட்டில் முதலாளியின் மகன், கழுத்து மறைய மாலையோடு. இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் சுமந்த பெண்கள். பின்னால் ஊர் மொத்தமும்.

அவனுக்கு ஊர்வலத்தில் மனம் இல்லை. பெண்டாட்டி செண்பகத்துக்கு விடியற்காலையிலிருந்து வலி. தலைச்சன் பிள்ளை. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்றாள்.

மத்தியானமே முதலாளியிடம் கேட்டான். ஒரே நடை, விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று.

முதலாளி கோபப்படவில்லை. நல்ல மனுஷர்.

“மாப்பிள்ளை ஏறப்போற வண்டிடே. அதுக்கு முன்னால பேறுகாலக்காரிய ஏத்துனா தீட்டுல்லா? ஊர்வலம் முடியட்டும். அதுக்குப் பொறவு நீயே கொண்டு போ.”

மச்சினன் சுடலைமுத்து மாட்டுவண்டி தேடிப் போனான். அறுப்புக் காலம். ஒரு வண்டி கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

செண்பகத்தை ஏற்றி வந்த அந்த வண்டியை இப்போது அவன் கண்ணாடியில் பார்த்தான்.

கூட்டத்துக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு நின்றது. சுடலைமுத்து வண்டியின் மேல் எழுந்து நின்று, துண்டை வீசி வழி கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு இந்தத் தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. தெருவை அடைத்துக்கொண்டு போனது கார். காரை ஓட்டியவன் அவன்.

இறங்கி ஓடலாம். ஓடினால் கார் நடுத்தெருவில் நின்றுவிடும். எடுப்பதற்கு ஊரில் வேறு ஆள் இல்லை.

தேரடி வரை போய்விட்டால் போதும். அங்கே தெரு அகலம். ஒதுங்கி வழி விட்டுவிடலாம்.

திரும்பி மாப்பிள்ளையிடம் சொன்னான். தவில் சத்தத்தில் எதுவும் எட்டவில்லை. மாப்பிள்ளை காதருகே கையை வைத்துக் கேட்டுவிட்டு, சிரித்துத் தலையாட்டினான்.

அவன் ஹாரனை அமுக்கினான்.

அந்தச் சத்தத்துக்கு ஊர் உயிரையே விடும். பிள்ளைகள் கைதட்டின. முன்னால் போனவர்கள் விலகவில்லை. நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடியும் அமுக்கினான். விடாமல் அமுக்கினான்.

தவில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. நடுத்தெருவில் காரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஹாரனுக்குப் பதில் வாசிக்க ஆரம்பித்தார்.

“அப்பிடிப் போடுடே!”

மாப்பிள்ளை அவன் தோளில் தட்டினான். கூட்டம் விசிலடித்தது. அவன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான். தவில்காரர் எடுக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது.

கண்ணாடியில் பார்த்தான்.

சுடலைமுத்து இப்போது நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தான். துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தான்.

பிறகு மாடுகளை வந்த வழியே திருப்பினான்.

தேரடி வந்தது. தெரு அகலமாகத்தான் இருந்தது.

பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை இறக்கினார்கள். முதலாளி சொன்ன சொல் மாறாதவர். அத்தனை கூட்டத்திலும் அவனைத் தேடிக்கொண்டு வந்தார்.

“இனி வண்டிய எடுத்துக்கிட்டுப் போடே. ரோடு காலியாத்தான் கெடக்கு, ஒரே மிதியா மிதி. காலையில நல்லாக் கழுவிக் கொண்டாந்தாப் போதும்.”

செண்பகம் ஒருநாளும் இந்தக் காரில் ஏறியதில்லை. எவ்வளவு வேகமாகப் போகும் என்று மட்டும் அடிக்கடி கேட்பாள். ஒருநாள் ஏற்றிக் காட்டுகிறேன் என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

தெருவில் ஈ காக்கை இல்லை.

வீடு வரைக்கும் அவன் கியரை மாற்றவில்லை.